அரசு மீது சுற்றுச்சூழல் வழக்கு: முதன்முறை போகிறவர்களுக்கு

"காலநிலை மாற்றத்துக்காக அரசாங்கத்தின் மீது வழக்குப் போட முடியுமா, அக்கா?" கல்லூரி மாணவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. முடியும். உலகெங்கும் இளைஞர்கள் போட்டிருக்கிறார்கள். சிலர் வென்றும் இருக்கிறார்கள். ஆனால் மனுவுக்கு எண் வாங்குவது வேறு, நீதிபதி ஓர் உத்தரவு எழுதும்படி செய்வது வேறு. இந்தக் கட்டுரை இரண்டாவதற்காக. தமிழ்நாட்டில் இருந்துகொண்டு, பெரிய பணமோ தெரிந்த வழக்கறிஞரோ இல்லாமல் தொடங்குகிற ஒருவரை மனதில் வைத்து எழுதுகிறேன். நான் வழக்கறிஞர் இல்லை. இப்படிப்பட்ட மனுக்களுக்குக் காகிதம் சேர்த்துக் கொடுக்கும் வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறேன்.

முன்னே போனவர்கள் என்ன கேட்டார்கள்?

மனு எழுத உட்காரும் முன் மூன்று வழக்குகளைத் தெரிந்துகொள்ளுங்கள்.

2015 ஆகஸ்டில் அமெரிக்காவில் 21 இளைஞர்கள் தங்கள் மத்திய அரசின் மீது வழக்குத் தொடுத்தார்கள். ஜூலியானா வழக்கு என்று பெயர். நிலக்கரி, எண்ணெய், எரிவாயுவை நாடு படிப்படியாகக் கைவிடத் திட்டம் வகுக்குமாறு அரசுக்கு உத்தரவிட வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. இளைஞர்களுக்கு நேர்ந்த பாதிப்பு உண்மையானது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆனாலும் அவ்வளவு பெரிய திட்டத்தை வகுக்கச் சொல்லி மேற்பார்வையிடுவது நீதிமன்றத்தால் ஆகிற காரியமல்ல என்று 2020 ஜனவரியில் இருவருக்கு ஒருவர் என்ற கணக்கில் தள்ளிவிட்டது. 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றமும் எடுத்துக்கொள்ள மறுத்ததோடு அந்த வழக்கு முடிந்தது.

அதே நாட்டின் மான்டானா மாநிலத்தில் 2020இல் 16 பேர் வழக்குத் தொடுத்தார்கள். அங்கே ஒரு சட்டப் பிரிவு இருந்தது. ஒரு திட்டத்தின் சுற்றுச்சூழல் பாதிப்பை ஆராயும்போது பசுமைக்குடில் வாயுக்களைக் கணக்கில் எடுக்கக்கூடாது என்றது அது. அந்த மாநிலத்தின் அரசியலமைப்போ தூய்மையான, நலம் தரும் சூழலுக்கான உரிமையைக் குடிமக்களுக்கு எழுத்தில் தந்திருந்தது. அந்தச் சட்டப் பிரிவு இந்த உரிமைக்கு முரணானது, நீக்குங்கள் என்று கேட்டார்கள். 2023 ஜூனில் விசாரணை நடந்தது, ஆகஸ்டில் வென்றார்கள். 2024 டிசம்பரில் மாநில உச்ச நீதிமன்றம் ஆறுக்கு ஒன்று என்ற கணக்கில் அதை உறுதிசெய்தது.

மூன்றாவது வழக்கு நம் நாட்டினுடையது. உத்தராகண்டைச் சேர்ந்த ரிதிமா பாண்டே 2017இல், சுற்றுச்சூழல் வழக்குகளுக்கென்றே உள்ள தேசிய பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனபோது அவருக்கு வயது ஒன்பது. நாட்டுக்கே ஒரு கார்பன் கணக்கும் (எவ்வளவு கார்பன் வெளியிடலாம் என்ற வரம்பு) காலநிலை மீட்புத் திட்டமும் வகுக்க வேண்டும் என்று கேட்டார். 2019 ஜனவரியில் மிகச் சுருக்கமான ஓர் உத்தரவில் தீர்ப்பாயம் அதை முடித்துவைத்தது. காலநிலை மாற்றம் ஏற்கெனவே சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு நடைமுறைக்குள் (ஒரு திட்டத்தால் சூழலுக்கு என்ன கேடு வரும் என்று முன்கூட்டியே ஆராய்வது) அடங்கியிருக்கிறது, தனியாக உத்தரவிடத் தேவையில்லை என்பது காரணம். ரிதிமா உச்ச நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு போனார்.

அந்த உத்தரவைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. பிறகுதான் உறைத்தது: நமக்கு வேண்டிய பிடி அதற்குள்ளேயே கிடக்கிறது. காலநிலை மாற்றம் தாக்க மதிப்பீட்டுக்குள் அடங்கியது என்று தீர்ப்பாயமே சொல்லிவிட்டது. அப்படியானால் உங்கள் ஊருக்கு வரவிருக்கும் அனல்மின் நிலையத்தின் மதிப்பீட்டு அறிக்கையில் காலநிலை பற்றி உருப்படியாக எதுவும் இல்லையென்றால், அந்த அறிக்கை குறையுள்ளது என்று வாதிடலாம். மான்டானா பிள்ளைகள் வென்றதும் இதே இடத்தில், தாக்க மதிப்பீட்டில்தான். ஆகவே முதல் வழக்கு போடுகிறவர்களுக்கு நான் சொல்வது: நாட்டின் கொள்கையை விட்டுவிட்டு ஒரு திட்டத்தை, ஓர் அனுமதியை, ஒரு நீர்நிலையைப் பிடியுங்கள்.

முதல் படி: கோரிக்கையை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

ஒரு தாளை எடுத்து, நீதிபதி உங்களுக்கு ஆதரவாகத் தீர்ப்பு எழுதினால் அதன் கடைசி வரி என்னவாக இருக்க வேண்டும் என்று எழுதிப் பாருங்கள். "எங்கள் ஏரியைக் காப்பாற்ற வேண்டும்" என்பதை யாரும் நிறைவேற்ற முடியாது. யார், எதை, எத்தனை நாளுக்குள் செய்ய வேண்டும் என்பது அதில் இல்லை. "இன்ன புல எண்ணில் உள்ள ஏரியில் நகராட்சி குப்பை கொட்டுவதை உடனே நிறுத்தவும், கொட்டியதை ஆறு மாதத்தில் அகற்றவும் ஆணையருக்கு உத்தரவிட வேண்டும்" என்பதை நிறைவேற்றலாம். நிறைவேற்றாவிட்டால் யாரைக் கேட்பது என்பதும் தெரியும். இந்த ஒரு வரி தெளிவாகும்வரை அடுத்த படிக்குப் போக வேண்டாம். பலருக்கு இதற்கே ஒரு மாதம் ஆகிறது, ஆகட்டும்.

இரண்டாம் படி: காகிதம் சேருங்கள்

வழக்கின் உயிர் இங்கேதான் இருக்கிறது. இதற்கு நிறைய நேரம் கொடுங்கள்.

தகவல் பெறும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். தமிழிலேயே எழுதலாம். மாநில அரசு அலுவலகங்களுக்கு 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள். "ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை?" என்று கேட்காதீர்கள். ஏன் என்ற கேள்விக்கு அந்தச் சட்டத்தில் பதில் கிடைக்காது. ஆவணத்தின் நகலைக் கேளுங்கள்: மாசு கட்டுப்பாட்டு வாரியம் ஆலை இயங்கக் கொடுத்த இசைவாணை, ஆய்வு அறிக்கைகள், அனுப்பிய நோட்டீஸ்கள்.

சுற்றுச்சூழல் அனுமதி பெற்ற திட்டங்களின் கோப்புகள் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் கிடைக்கின்றன. அனுமதிக் கடிதத்தில் நிபந்தனைகள் வரிசையாக இருக்கும். அவற்றை நிறைவேற்றியதாக நிறுவனம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை தர வேண்டும். இந்த அரையாண்டு அறிக்கைகளைப் பொறுமையாகப் படிப்பவர்கள் மிகக் குறைவு. ஒருமுறை ஓர் ஆலையின் அறிக்கையில் வளாகத்தில் மூன்றில் ஒரு பங்கு பசுமைப் பகுதி என்று எழுதி, புல எண்களையும் கொடுத்திருந்தார்கள். கிராம வரைபடத்தையும் அ-பதிவேட்டையும் (எந்தப் புல எண் என்ன வகை நிலம் என்று காட்டும் வருவாய்த் துறைப் பதிவேடு) பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். அந்த எண்களில் ஒன்று ஓடைப் புறம்போக்கு. ஆலைக்குச் சொந்தமே இல்லாத ஓடையில் மரம் நட்டுக் கணக்குக் காட்டியிருந்தார்கள். அந்த ஒரு பக்கம், எங்கள் கையிலிருந்த நாற்பது புகைப்படங்களைவிட அதிகம் பேசியது.

அ-பதிவேடும் புல வரைபடமும் தமிழக அரசின் நில ஆவண இணையதளத்திலேயே எடுக்கலாம். பழைய பதிவுகள் வேண்டுமானால் வட்டாட்சியர் அலுவலகத்துக்கு நடக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் மரியாதையாகப் பேசுங்கள். ஊரின் நிலத்தை அவரைப்போல் அறிந்தவர் இல்லை.

புகைப்படம் எடுக்கும்போது செல்போனில் இடக்குறிப்பு வசதி இயங்கட்டும். மூலக் கோப்பை அழிக்காமல் வைத்திருங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படத்தோடு சேர்ந்த நேரமும் இடமும் உதிர்ந்துபோகும். 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்தின்படி மின்னணுப் பதிவுகளைச் சான்றாக வைக்க ஒரு சான்றிதழ் தேவை. படம் எடுத்தவர் யார், எந்தக் கருவியில் என்பதை அன்றைக்கே ஒரு நோட்டில் எழுதிவிட்டால் பிறகு திண்டாட வேண்டாம்.

நீர் மாதிரி விஷயத்தில் நாங்கள் ஒருமுறை பட்டுத் தெரிந்துகொண்டோம். சாயம் கலந்த ஓடையில் குளிர்பானப் பாட்டிலில் நீர் எடுத்து ஆய்வகத்துக்குக் கொடுத்தோம். அறிக்கை எங்களுக்குச் சாதகமாகவே வந்தது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் இரண்டே கேள்விகள் கேட்டார். பாட்டிலில் இதற்குமுன் என்ன இருந்தது? நீர் எடுத்தபோது அங்கே யார் சாட்சி? எங்களிடம் பதில் இல்லை; அறிக்கை அந்த இடத்திலேயே ஒதுக்கப்பட்டது. அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்திலேயே பாட்டில் வாங்குங்கள், முடிந்தால் அவர்கள் ஆளையே வந்து எடுக்கச் சொல்லுங்கள். பனிக்கட்டியில் வைத்து அன்றே சேர்ப்பியுங்கள். அப்படி எடுத்தாலும் சட்டப்படியான மாதிரி என்பது வாரிய அதிகாரி முறைப்படி எடுப்பதுதான். உங்கள் அறிக்கை, அதிகாரியை அங்கே போகவைப்பதற்கான முகாந்திரம்.

மூன்றாம் படி: உள்ளூர்க் கதவுகளைத் தட்டுங்கள்

இது வீண்வேலை என்று இளைஞர்கள் சலித்துக்கொள்வார்கள். ஆனால் இதைத் தாண்டிக் குதித்தவர்களுக்கு என்ன ஆனது என்று பாருங்கள். கிரேட்டா துன்பர்க்கும் ரிதிமாவும் உட்பட 16 பேர் 2019இல் ஐ.நா. குழந்தை உரிமைக் குழுவிடம் ஐந்து நாடுகள் மீது முறையிட்டார்கள். உள்நாட்டு நீதிமன்றங்களுக்கு முதலில் போகவில்லை என்ற காரணத்தால் 2021இல் அது ஏற்கப்படவில்லை. போர்ச்சுகலின் ஆறு இளைஞர்கள் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்கு நேரடியாகப் போனார்கள். 2024 ஏப்ரலில் அவர்களுக்கும் அதே பதில்.

நம் ஊரிலும் இதே நியாயம்தான். அதிகாரி தன் கடமையைச் செய்ய உத்தரவிடுங்கள் என்று உயர் நீதிமன்றத்தில் கேட்டால், "அவரிடம் முதலில் கேட்டீர்களா?" என்பதே முதல் கேள்வி. மாவட்ட ஆட்சியருக்கும் மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டப் பொறியாளருக்கும் உள்ளாட்சி அலுவலருக்கும் ஒப்புதல் அட்டையுடன் பதிவுத் தபாலில் மனு அனுப்புங்கள். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் ஆட்சியரிடம் நேரில் கொடுத்து ரசீது வாங்குங்கள். கிராம சபையில் தீர்மானம் நிறைவேறினால் மிக நல்லது. அதன் நகலைக் கையோடு வாங்கிவிடுங்கள். திரும்பி வந்த ஒப்புதல் அட்டையைத் தொலைத்துவிட்டு வந்து நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அதை மனு நகலின் முதுகில் குத்தி வையுங்கள்.

புதிய திட்டம் என்றால் கருத்துக்கேட்புக் கூட்டத்தைத் தவறவிடாதீர்கள். 30 நாள் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும். திட்டச் சுருக்கம் தமிழில் கிடைக்க வேண்டும். அங்கே பேசியதோடு நிறுத்தாமல் எழுத்திலும் கொடுங்கள். பேச்சு காற்றோடு போய்விட வாய்ப்புண்டு. எழுதிக் கொடுத்தது கோப்பில் ஏறும்.

நான்காம் படி: எந்த மன்றம், எத்தனை நாள்

நீர்ச் சட்டம், காற்றுச் சட்டம், 1986ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம், வனப் பாதுகாப்புச் சட்டம், பல்லுயிர்ச் சட்டம் உள்ளிட்ட ஏழு சட்டங்கள் சம்பந்தப்பட்டதானால் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அதன் தென்மண்டல அமர்வு சென்னை சேப்பாக்கத்தில், கலச மஹாலில் இருக்கிறது. வனவிலங்குச் சட்டம் அந்த ஏழில் இல்லை. ஒரு சட்டமோ விதியோ செல்லாது என்று வாதிடுவதானாலும் அடிப்படை உரிமையை முன்வைப்பதானாலும் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுவோ (அரசுக்கு உத்தரவிடக் கேட்கும் மனு) பொதுநல வழக்கோ போட வேண்டும்.

தவறான மன்றத்துக்குப் போவதன் விலையைத் தூத்துக்குடியில் பார்த்தோம். ஸ்டெர்லைட் ஆலையைத் திறக்கலாம் என்று 2018 டிசம்பரில் பசுமைத் தீர்ப்பாயம் கொடுத்த உத்தரவை, அந்த வழக்கை விசாரிக்கும் அதிகாரமே தீர்ப்பாயத்துக்கு இல்லை என்று சொல்லி 2019 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. பெரிய வழக்கறிஞர்களை வைத்திருந்த நிறுவனமே உயர் நீதிமன்றத்தில் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. அங்கும் பிறகு உச்ச நீதிமன்றத்திலும் தோற்றது.

நாள் கணக்கு இன்னும் கொடியது. சுற்றுச்சூழல் அனுமதியை எதிர்த்து மேல்முறையீடு செய்ய 30 நாள். தகுந்த காரணம் காட்டினால் மேலும் 60 நாள். அதற்குப் பிறகு ஒரு நாள் தாமதமானாலும் மன்னிக்கத் தீர்ப்பாயத்துக்கே அதிகாரம் இல்லை. மற்றச் சுற்றுச்சூழல் பிரச்சினைகளுக்குப் பிரச்சினை முதலில் எழுந்ததிலிருந்து ஆறு மாதமும், காரணம் காட்டினால் 60 நாளும். இழப்பீடு, சீரமைப்பு கோருவதானால் ஐந்து ஆண்டு. அனுமதி கிடைத்ததும் நிறுவனம் உள்ளூர் நாளிதழ்களில் விளம்பரம் கொடுக்க வேண்டும். அதில் ஒன்று வட்டார மொழி நாளிதழாக இருக்க வேண்டும். சின்னஞ்சிறு கட்டத்தில்தான் வரும். உங்கள் குழுவில் ஒருவருக்குத் தினமும் அந்தப் பக்கத்தைப் பார்க்கும் பொறுப்பைக் கொடுங்கள்.

அவசரம் என்றால் எவ்வளவு அவசரம் என்பதற்கு மும்பை ஆரே காடு சாட்சி. சட்ட மாணவர்கள் எழுதிய கடிதத்தையே மனுவாக ஏற்று, 2019 அக்டோபர் 7 அன்று விடுமுறையிலும் கூடிய உச்ச நீதிமன்றம் மரம் வெட்டுவதை நிறுத்தியது. அதற்குள் 2,000க்கும் மேற்பட்ட மரங்கள் சாய்ந்துவிட்டன. வெட்டும் இயந்திரம் வந்து நிற்கிறது என்றால், முழு வழக்கும் தயாராகக் காத்திராமல் இடைக்காலத் தடைக்கான மனுவை முதலில் கொண்டுபோங்கள்.

ஐந்தாம் படி: யார் பெயரில், எவ்வளவு செலவில்

18 வயது நிரம்பாதவரும் வழக்குத் தொடுக்கலாம். தாய், தந்தை போன்ற வயது வந்த ஒருவர் அவர் சார்பில் கையெழுத்திட வேண்டும். பிலிப்பைன்ஸில் காடு வெட்டும் உரிமங்களை எதிர்த்துக் குழந்தைகள் தொடுத்த வழக்கில், தங்களுக்காக மட்டுமல்ல, இனிப் பிறக்கப் போகிறவர்களுக்காகவும் அவர்கள் வழக்காடலாம் என்று 1993லேயே அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது. இந்தியாவில் 2015இல் டெல்லியின் காற்றுக்காக மூன்று கைக்குழந்தைகளின் பெயரில் அவர்கள் தந்தைமார் போட்ட அர்ஜுன் கோபால் வழக்குதான், 2018இல் பசுமைப் பட்டாசு, வெடிக்க நேரக் கட்டுப்பாடு என்று நாடு முழுவதும் வந்து சேர்ந்தது. அந்த உத்தரவு சிவகாசியில் எத்தனை வீடுகளைத் தொட்டது என்பதையும் மறக்க முடியாது. கோரிக்கையை எழுதும்போது அதன் சுமை யார் தலையில் இறங்கும் என்று யோசியுங்கள். கூலித் தொழிலாளர் தலையில் என்றால் மாற்று ஏற்பாட்டுக்கும் கால அவகாசத்துக்கும் உங்கள் மனுவிலேயே இடம் கொடுங்கள்.

பசுமைத் தீர்ப்பாயத்தில் இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய்தான். இழப்பீடு கேட்டால் அந்தத் தொகையில் ஒரு சதவீதம். வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே வாதாடச் சட்டம் இடம் தருகிறது. ஆனாலும் ஒருவர் துணை நல்லது. ஆங்கிலத்தில் மனு, தமிழ் ஆவணங்களுக்கு மொழிபெயர்ப்பு, பிரமாணப் பத்திரம் என்று வேலை இருக்கிறது. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் வருமானம் பார்க்காமலே இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பம் கொடுங்கள், அல்லது 15100 எண்ணில் கூப்பிடுங்கள்.

பொய்யான, தொந்தரவு தருவதற்காகவே போட்ட மனு என்று தீர்ப்பாயம் கருதினால் செலவுத் தொகை விதிக்கலாம். ஆதாரம் இல்லாத ஒரு வரிகூட மனுவில் வேண்டாம். குழுவில் மாணவர்கள் இருந்தால் வீட்டாரிடம் முன்பே பேசிவிடுங்கள். ஊரில் மிரட்டல் வரக்கூடும். ஒருவர் பெயரில் மட்டும் போகாமல் இரண்டு மூன்று பேராகப் போங்கள்.

ஆறாம் படி: மனுவின் உடல்

உண்மைகளைத் தேதி வரிசையில், பத்திக்கு ஒன்றாக எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் இணைப்பு எண். நீங்கள் யார், அந்த இடத்தோடு உங்களுக்கு என்ன உறவு என்பதை முதலிலேயே சொல்லுங்கள். பாட்டி வீட்டுக் கிணறு உப்பாகிவிட்டது என்றால் எந்த ஆண்டு முதல் என்று எழுதுங்கள்.

சட்ட அடிப்படைக்கு இரண்டு தூண்கள். வேலூர் தோல் ஆலைக் கழிவு வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும், ஐயம் இருந்தால் முன்னெச்சரிக்கையே வழி என்ற இரண்டு கோட்பாடுகளை நாட்டின் சட்டமாக்கியது. பாலாற்றுக் கரை மக்கள் வாங்கித் தந்தவை இவை. பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 20ஆம் பிரிவு இவற்றைப் பின்பற்றச் சொல்கிறது. அடுத்தது, அழிந்துவரும் கானமயில் என்ற பறவை பற்றிய ரஞ்சித்சிங் வழக்கில் 2024 மார்ச்சில் வந்த தீர்ப்பு. காலநிலை மாற்றத்தின் தீய விளைவுகளிலிருந்து காக்கப்படும் உரிமை, அரசியலமைப்பின் 14, 21 ஆகிய பிரிவுகளிலேயே இருக்கிறது என்று அதில் உச்ச நீதிமன்றம் முதன்முறையாகத் தெளிவாகச் சொன்னது. ரிதிமா 2017இல் போனபோது இந்தத் தீர்ப்பு இல்லை. உங்களுக்கு இருக்கிறது, பயன்படுத்துங்கள்.

ஏழாம் படி: விசாரணையும் அதற்குப் பிறகும்

வாய்தாக்கள் வரும். ஆறு மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொன்னாலும் அதை நம்பித் தேதி குறிக்காதீர்கள். பெரும்பாலும் தீர்ப்பாயம் ஒரு கூட்டுக்குழுவை அமைத்து நேரில் பார்த்துவரச் சொல்லும். அந்த நாள்தான் மிக முக்கியமானது. குழு வரும் தேதியை விசாரித்துத் தெரிந்துகொண்டு நீங்கள் அங்கே இருங்கள். வரைபடத்தின் நகலைக் கையில் கொடுங்கள். கழிவு வெளியேறும் குழாய் புதருக்குள் இருந்தால் அங்கே நடத்திக் கூட்டிப்போங்கள். அறிக்கை வந்ததும் அதில் உள்ள தவறுகளுக்கு எழுத்தில் ஆட்சேபம் தெரிவியுங்கள். சும்மா இருந்தால் ஒப்புக்கொண்டதாகிவிடும்.

உத்தரவு எதிராக வந்தால் 90 நாளுக்குள் உச்ச நீதிமன்றம் போகலாம். ஆதரவாக வந்தால் வேலை இன்னும் கூடும். நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் திருப்பூர்ச் சாயக்கழிவுக்கு எதிராக 2006இல் உயர் நீதிமன்றத்தில் உத்தரவு வாங்கினார்கள். அது நிறைவேறாததால் அவமதிப்பு மனுவோடு திரும்பப் போனார்கள். 2011 ஜனவரியில்தான் கழிவை முழுமையாகச் சுத்திகரிக்காத சாய ஆலைகளை மூடும் உத்தரவு வந்தது. 1996இல் தீர்ப்பு வாங்கிய பாலாற்றுக்காக 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் உத்தரவு போட வேண்டியிருந்தது.

ஆகவே சான்றிட்ட நகல் கைக்கு வந்த அன்றே மூன்று பிரதிகள் எடுங்கள். ஒன்று ஆட்சியருக்குப் பதிவுத் தபாலில். ஒன்று மாசு கட்டுப்பாட்டு வாரியத்துக்கு. ஒன்றை அடுத்த கிராம சபையில் தமிழில் உரக்க வாசித்து, தீர்மானப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். உத்தரவில் உள்ள கெடு முடியும் தேதியை நாட்காட்டியில் வட்டமிட்டு, அதற்கு அடுத்த நாளுக்கு ஒரு தகவல் உரிமை மனுவை இப்போதே எழுதி வைத்துவிடுங்கள்.